தரையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு ஒரு லூப்பர்: என்னென்ன வேண்டும்?

அஞ்சரைக்கட்டை எழுதியது:

நான் கர்நாடக வயலின் வாசிப்பவள். பக்கவாத்தியம் போவது போக, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவி) பொருத்திய வயலினும் ஒரு லூப்பர் பெடலுமாகத் தனியாகவும் மேடையேறுகிறேன். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் லூப்பர்; அப்படிச் சுற்றும் துண்டு லூப். கடையில் கிடைப்பதை வைத்துச் சமாளித்தது போதும், நமக்கென்று ஒன்று செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். செய்து தர ஒரு நண்பர் தயாராக இருக்கிறார். என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடு என்கிறார்.

முதல் சிக்கல் உட்காரும் விதம். பெடல் எல்லாம் நின்று வாசிக்கும் கிடார்காரருக்காகச் செய்தவை. பாஸ் ஆர்சி-505 மாதிரி மேசைமேல் வைப்பவை பீட்பாக்ஸ்காரர்களுக்கு அருமை, அவர்களுக்கு ஒரு கையாவது சும்மா இருக்கும். எனக்கு இடது கை தந்தியில், வலது கை வில்லில். வலது கணுக்காலின் மேல்தான் வயலினின் தலை நிற்கிறது. அந்தக் கால் இம்மி அசைந்தாலும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கெட்டுவிடும். மிச்சம் இருப்பது மடித்த இடது முழங்கால் மட்டும்தான். அதற்கு அடியில் தட்டையாக ஏதாவது வைக்க முடியுமா? ‘டக்’ என்று சத்தம் போடும் பெடல் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். மேடைப் பலகை வழியாக அந்தச் சத்தம் பிக்கப்பில் ஏறிவிடுகிறது.

இரண்டாவது, நிறுத்துவது. பல பெடல்களில் நிறுத்த இரண்டு முறை தட்ட வேண்டும். முதல் தட்டில் மேலே பதிய ஆரம்பிக்கும், இரண்டாவது தட்டில்தான் நிற்கும். இடையில் வாசித்தது லூப்பில் ஒட்டிக்கொள்ளும். நான் கேட்பது ஒரே அழுத்து, அந்தக் கணமே மௌனம்.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். ராகத்தை விரித்துக்கொண்டு போகும்போது ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தானாக அழகாக அமைந்துவிடும். அதை முன்கூட்டியே திட்டமிட முடியாது. ‘பதிவு’ அழுத்திவிட்டு வாசிப்பதில் அந்த உயிர் வருவதில்லை, மனசு பொத்தானுக்குப் போய்விடுகிறது. வாசித்து முடித்த பிறகு, “இப்போது வாசித்தேனே, அதை வைத்துக்கொள்” என்று சொல்ல முடிய வேண்டும். நடக்குமா?

சால்டரிங்_ராசு எழுதியது:

தாராளமாக நடக்கும் மேடம். கருவி எப்போதும் பதிந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி ஒரு நிமிடம் நினைவகத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பழையதை அழித்துக்கொண்டே புதியது வரும். டெய்ஸி சீட் என்று ஒரு சின்ன போர்டு இருக்கிறது. 64 எம்பி நினைவகம். 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 32 பிட் என்று வைத்தால் விநாடிக்கு 192 கேபி. ஆக மொத்தம் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) ஒரு விநாடி என்ற காலப்பிரமாணத்தில், அதாவது வேகத்தில், எட்டு அட்சர ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி, 40 ஆவர்த்தனத்துக்கு மேல் கொள்ளும். உங்களுக்குப் போதும்.

முழங்காலுக்கு எஃப்எஸ்ஆர், அதாவது அழுத்தம் அறியும் பட்டை. காகிதம் மாதிரி மெல்லிசு, அசையும் பாகம் இல்லை, சத்தமே வராது. மெல்லிய ஃபோமில் ஒட்டி ஜமக்காளத்துக்குக் கீழே வைத்துவிடலாம். உட்கார்ந்ததும் காலின் எடையை ஒருமுறை அளந்து, அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினால் கணக்கு என்று வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சமத்திலும், அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் முதல் தட்டில், லேசாக ஒரு அழுத்து, அது வெறும் குறி. பிடித்த ஆவர்த்தனம் முடிந்த சமத்தில் மட்டும் அழுத்தியபடி அரை விநாடி பிடித்தால், முந்தைய குறியிலிருந்து இந்தக் குறி வரை லூப் ஆகிவிடும். அரை விநாடி போனதே என்று கவலை வேண்டாம். நேரம் குறிக்கப்பட்டது அழுத்திய கணத்தில்தான், ஒலியும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முழங்கால் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். இரண்டு முனையிலும் ஒரே அளவு தாமதம் என்றால் நீளம் மாறாது.

லூப்பின் முடிவும் ஆரம்பமும் சேரும் மூட்டில் ‘டிக்’ கேட்காமலிருக்கவும் இதே வழிதான். லூப்பின் கடைசி 10 மில்லிவிநாடியை மங்கவிட்டு, ஆரம்பத்துக்கு முன்னால் வாசித்த 10 மில்லிவிநாடியை அதன்மேல் ஏற்றினால், வில் நிற்காமல் இழுத்ததுபோலவே சேரும்.

பிக்கப் பீஸோவா (அழுத்தத்தில் மின்சாரம் தரும் படிக வகை)? அப்படியென்றால் உள்ளீடு ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மந்தர ஸ்தாயி சோடை போய்விடும்.

தொப்பிவலந்தலை எழுதியது:

அம்மா, மிருதங்கக்காரன் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. லூப் வெச்ச கச்சேரில நாங்க படற பாடு தனி. மெஷின் நம்மளக் கேக்காது, நாமதான் அது பின்னாடி ஓடணும். எங்க தாள வாத்தியத் தனி வாசிப்பு, அதான் தனி ஆவர்த்தனம், முடிஞ்சு கடைசிக் கணக்கான கோர்வை வந்து விழும்போது காலப்பிரமாணம் ஒரு மயிரிழை கூடியிருக்கும். அது தப்பில்ல, மனுஷன் வாசிக்கறது அப்படித்தான். லூப் பழைய இடத்துலயே நிக்கும். அதனால ரெண்டு கேக்கறேன். லூப் சத்தத்துக்குத் தனி அவுட்புட் வேணும், எங்க மானிட்டர்ல அது மட்டும் தெளிவா வரணும். இன்னொண்ணு, நீங்க சமத்துல முழங்கால் வெச்சா லூப்பும் அங்கயே சமத்துக்கு வந்து சேரணும்.

எடுப்பையும், அதாவது பாட்டு தாளத்துல எந்த இடத்துல ஆரம்பிக்குதுங்கறதையும், மறந்துடாதீங்க. பல்லவி சமம் தள்ளி முக்கால் இடத்துல எடுத்தா, அங்க ஆரம்பிச்சு அங்கயே முடிச்சாலும் சுத்து சரியாத்தான் வரும். ஆனா நிறுத்திட்டுத் திரும்ப எடுக்கும்போது லூப் எடுப்புல இருந்து கிளம்பும், நாங்க சமத்துல இருப்போம். சமம் எங்கேன்னு அதுக்குத் தனியாத் தெரியணும்.

அஞ்சரைக்கட்டை எழுதியது:

அண்ணா, கடைசியாகச் சொன்னீர்களே, அது என் பட்டியலிலேயே இல்லை. எழுதிக்கொண்டேன்.

ராசு சார், அண்ணா சொன்ன மாதிரி சமத்தில் சேர வேண்டுமென்றால், நாங்கள் இழுத்து வாசிக்கும்போது லூப் முன்னாலேயே முடிந்து ஓட்டை விழாதா? லூப்பின் முடிவைத் தாண்டி நான் வாசித்ததில் அரை விநாடி சேர்த்து வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி நிரம்பும் என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு ஆசை. பழைய அடுக்குகள் சுற்றுக்குச் சுற்று மெல்ல மங்க வேண்டும். தொண்ணூறுகளில் வந்த எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோவில் ஃபீட்பேக் என்று இதற்கே ஒரு குமிழ் இருந்தது. சுற்றுக்கு 90 சதவீதம் என்று வைத்தால் ஏழாவது சுற்றில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நான் மேலே புதிதாக வாசிக்க இடம் கிடைக்கும். இன்றைய சின்னப் பெடல்கள் பலவற்றில் இது இல்லாதது பெரிய குறை.

அடுத்தது, இரண்டாவது டிராக்கின் நீளம் முதலாவதின் மடங்காகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. எட்டு அட்சரத்துக்கு மேல் ஏழு அட்சரச் சொற்கட்டு ஒன்று சுற்றினால் 56-இல் வந்து சமம் சேரும். அந்த ஏழு ஆவர்த்தனமும் அது இடம் மாறி மாறி விழுவதைக் கேட்கத்தான் எனக்கு இந்தக் கருவியே.

தம்புரா இதற்குள் வரக் கூடாது. சுருதிப் பெட்டி தனி வழியில் மிக்சருக்குப் போகட்டும். லூப்பில் பதிந்தால் அடுக்குக்கு அடுக்கு தடித்துக்கொண்டே போகும்.

சால்டரிங்_ராசு எழுதியது:

அரை விநாடி வால் நல்ல யோசனை. ஆனால் சமத்திலிருந்து இருபுறமும் ஒரு எல்லைக்குள் வந்த அழுத்தை மட்டும் சமமாக எடுக்கச் சொல்லுங்கள். 150 மில்லிவிநாடியில் ஆரம்பித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கால் மாற்றி உட்கார்ந்தாலே லூப் குதிக்கும். பட்டையை வயலின் இல்லாமல் முதலில் சோதிக்க வேண்டாம். வில் இழுக்கும்போது உடம்பு சாய்வதில் முழங்காலின் எடை மாறும், அளவு அப்போதுதான் சரியாக வரும்.