புதுப்பிப்பு: நடு இரவு விழிப்பு, எது வேலை செய்தது

இரவு 2 மணிக்கு விழிப்பு, பிறகு விடியும்வரை புரளல் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, "படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள்" என்ற யோசனைதான். தூக்கம் வரவில்லையே என்று 9 மணிக்கே படுப்பதுதான் தூக்கத்தைத் துண்டாக்குகிறது. முதலில் ஒரு வாரம் குறித்துவைத்து, உண்மையில் தூங்கும் சராசரியைப் பாருங்கள். 5½ மணி நேரம் என்றால், காலை 5:30க்கு எழுவதை நிலையாக வைத்து, 12 மணிக்குப் படுக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரம் 5 மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. படுத்திருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால், அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம்.

இடையில் விழித்து மீண்டும் தூக்கம் வராவிட்டால் உத்தேசமாக 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தால் கெட்டது. ஒற்றை அறை வீடென்றால் பாயைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் உட்காரலாம். போன் வேண்டாம்.

எதிர்பாராதது: முதல் வாரம் நிலைமை மோசமாகும். மதியம் கண் செருகும், வண்டி ஓட்டுவது ஆபத்து. குட்டித் தூக்கமும் ஞாயிறு காலைத் தூக்கமும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சூடான பாலால் பெரிய மாற்றமில்லை. மாலைக் காப்பியை நிறுத்தியது ஓரளவு உதவியது.

வலிப்பு நோயோ இருமுனையக் கோளாறோ (பைபோலார்) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். தூக்கமின்மையோடு மனச்சோர்வும் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.