ஹைலக்ஸுக்கு எலக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர்: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

மணல்மேடு:
வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் பிக்கப், ஃபோர் பை ஃபோர், இருப்பது துபாய். முன்னாடி ஸ்டீல் பம்பர், விஞ்ச். பின்னாடி கேனப்பி, டிராயர், ஃப்ரிட்ஜ். ஷாக், ஸ்பிரிங் எல்லாம் கம்பெனியில் வந்ததுதான். வார நாளில் ஆபீஸ், வாரக்கடைசியில் பதாயர் மணல், குளிர்காலத்தில் ஓமான் பக்கம் வஹிபா மணல், வாதி பனி அவ்ஃப் மலைப்பாதை.

சிக்கல் ரெண்டு. அலையலையா இருக்கிற சல்லி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினதும் பின்பக்கம் மிதக்க ஆரம்பிக்குது. மணல்மேட்டில் இறங்கி அடியில் சேரும்போது முன்பக்கம் டொம்முன்னு அடிக்குது.

கடையில் ஒரு செட் காட்டுறாங்க. ஷாக் தலையில் சின்ன மோட்டார், டேஷ்போர்டில் கன்ட்ரோலர், வண்டியோட அசைவை அளக்கிற ஜி சென்சார். "ரோட்டைப் பாத்து வண்டியே மாத்திக்கும்"னு சொல்றாங்க. கையால் திருகுற ரிசர்வாயர் (கூடுதல் ஆயிலுக்குத் தனி டப்பா வச்ச) ஷாக்கை விட விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. போடலாமா?

ஷிம்_அடுக்கு:
கடைக்காரர் காட்டுறதும் ஃபோர்டு ராப்டர்ல கம்பெனியிலேயே வர்றதும் வேற வேற சரக்கு. அதை முதல்ல பிரிச்சுக்கணும்.

மோட்டார் வச்ச ஷாக்கோட தண்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஆயில் வழி இருக்கும், அதுக்குள்ள ஒரு ஊசி. ஊசி உள்ளே இறங்கினா வழி குறுகும், ஷாக் இறுகும். கையால் திருக வேண்டிய நாபை மோட்டார் திருகுது, அவ்வளவுதான். டெய்ன் கம்பெனியோட இடிஎஃப்சி இந்த ஜாதி. பிரேக் போட்டா மூக்கு குத்துறது, வளைவில் சாயறது மாதிரி தண்டு மெதுவா நகர்ற இடத்தில் வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா கல்லில் ஏறும்போதோ, மேட்டிலிருந்து விழும்போதோ தண்டு படு வேகமா உள்ளே போகும். அந்த வேகத்தில் ஊசி ஓட்டை போதாது. ஆயில் பெரும்பாலும் பிஸ்டன் மேல இருக்கிற ஷிம் தகடுகளை வளைச்சுக்கிட்டுதான் போகும். அந்தத் தகடுகளை மோட்டார் தொடுறதே இல்லை. உங்க 'டொம்' சத்தம் வர்றது அந்த இடத்தில்.

ஃபாக்ஸ் லைவ் வால்வ் வேற கதை. எஃப்-150 ராப்டர்ல 2019 மாடலிலிருந்து வருது, இப்போதைய ரேஞ்சர் ராப்டர்ல 2.5 இஞ்ச் அளவில் இருக்கு. அதில் கரண்டில் இயங்குற சோலனாய்டு வால்வே ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துது. சஸ்பென்ஷன் உயரம், ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாத் தகவலும் வண்டியோட கேன் பஸ் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற வயரிங்) வழியா போய்ச் சேருது. வண்டி காத்துல எழும்பினதைக் கண்டுபிடிச்சு, தரையைத் தொடுறதுக்குள்ள ஷாக்கை இறுக்கி வைக்கும். இது அந்த வண்டிக்குன்னே எழுதின கணக்கு. தனியா ஒரு ஜி சென்சாரை டேஷ்போர்டில் ஒட்டினா இது வராது.

உங்க வண்டியோட நோய்க்கு வருவோம். பின்பக்கம் மிதக்கிறதுக்குக் காரணம் சூடு. வண்டி குதிக்கிற சக்தியை எல்லாம் ஷாக் சூடாக்கி வெளியே விடுது. கம்பெனி ஷாக் உடம்பு சின்னது, ஆயில் கொஞ்சம். அலை ரோட்டில் ஆயில் சூடேறி இளகிடும், நுரை கட்டும், அப்புறம் தண்டு தடையே இல்லாம போய் வரும். எலக்ட்ரானிக் பெட்டி எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும் இல்லாத ஆயிலைக் கொண்டுவர முடியாது. 2 இஞ்ச் பிஸ்டனிலிருந்து 2.5 இஞ்சுக்குப் போனா பரப்பு 56 சதவீதம் கூடும். அதே வேலைக்கு உள்ளே அழுத்தம் குறையும். கூடவே ரிசர்வாயர் ஆயிலும், சூடு வெளியேற வெளிப்பரப்பும் சேருது. காசை அங்கே போடுங்க.

லிவா_வழி:
ஷிம் சார் சொல்றதில் பாதிக்கு மேல ஒத்துக்கறேன். ஆனா எலக்ட்ரானிக்னாலே வெத்து வேட்டுன்னு படிக்கிறவங்க எடுத்துக்கக் கூடாது.

ஒரு கணக்கு: ஹைலக்ஸ் வீல்பேஸ் 3085 மில்லிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 16.7 மீட்டர். முன் சக்கரம் இறங்கின பள்ளத்துக்குப் பின் சக்கரம் வர 0.18 விநாடி ஆகும். நல்ல சோலனாய்டு வால்வுக்கு அதுக்குள்ள தயாராக நேரம் தாராளம். முன் சக்கரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அடி விழுந்த பிறகுதான் சென்சாருக்கே தெரியும். அலை ரோட்டில் அலைக்கு அலை 70 சென்டிமீட்டர்னு வச்சா, இதே வேகத்தில் விநாடிக்கு 24 அடி. ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியா மாத்த முடியாது. அதனால கம்ப்யூட்டர் மொத்தமா ஒரு நிலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். அதாவது, கையால் திருகி வைக்கிறவர் செய்யறதைத்தான் அங்கே அதுவும் செய்யுது.

அப்போ இது எங்கே ஜெயிக்குதுன்னா, நிலம் அடிக்கடி மாறுற இடத்தில். 120-ல் ஹைவே, உடனே மணல், மணலுக்குள்ளேயே ஒரு எகிறல். ஒவ்வொண்ணுக்கும் இறங்கி நாலு நாபைத் திருகிட்டு யாரும் ஓட்டுறதில்லை. பக்கி வண்டிகளில் வர்ற போலாரிஸ் டைனமிக்ஸ், கேன்-ஆம் ஸ்மார்ட்-ஷாக்ஸ் எலக்ட்ரானிக் ஷாக்குகள் மணலில் பிடிச்சுப் போனது இதனாலதான். புதுசா வண்டி வாங்கப் போறவருக்கு, கம்பெனியிலேயே வந்தா வாங்குங்கன்னு தைரியமா சொல்வேன். பழைய வண்டியில் ஒட்டு வேலையா வேண்டாம்.

ஒட்டு வேலையில் கெட்டுப்போறது பெரும்பாலும் வால்வு இல்லை, வயர். கன்ட்ரோல் ஆர்ம் மேல உரசி உறை கிழியும். பிளக்குக்குள்ள மணலும் உப்பும் போய் பின் பச்சையாகும். உயர சென்சாரோட குட்டி லிங்க் கல் பட்டு வளையும். அப்போ கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்கு போகும். வாங்குறதுக்கு முன்னாடி, கரண்ட் போயிட்டா ஷாக் எந்த நிலையில் நிக்கும்னு கேளுங்க. மென்மையான நிலைன்னா, பாரம் ஏத்தின வண்டியோட வாதி பனி அவ்ஃப் இறக்கத்தில் மாட்டிக்கக் கூடாது.

லேண்ட் குரூசர் 300-ல் ஏவிஎஸ் (கம்பெனியே தர்ற எலக்ட்ரானிக் ஷாக்) இருக்கிறவங்களுக்கு: சாதா ஷாக் மாத்தினா எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்கத் தனி மாட்யூல் வேணும். உயரத்தைக் கூட்டி உயர சென்சாரைத் திரும்ப அளவு பிடிக்காம விட்டா, வண்டி எப்பவும் நீண்டே நிக்குதுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும்.

மணல்மேடு:
ரெண்டு பேருக்கும் நன்றி. சரி, மோட்டார் செட் வேண்டாம். கையால் திருகுறதுன்னா என்ன வாங்கணும், எந்த வரிசையில் செய்யணும்? நான் நேரா ஷாக்ல ஆரம்பிக்கலாமா?

ஷிம்_அடுக்கு:
வேண்டாம், எடை மேடையில் ஆரம்பிங்க. ஓமான் போற சாமானோட முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியா எடை போடுங்க. அப்புறம் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிக்குங்க. சாமான் இறக்கிட்டு இன்னொரு தடவை. இந்த எண்ணெல்லாம் கையில் இல்லாம ஸ்பிரிங் வாங்குறது குருட்டு வேலை.

முன்னாடி பம்பரும் விஞ்சும் ஏறின பிறகும் கம்பெனி ஸ்பிரிங்னா மூக்கு இறங்கியிருக்கும். சக்கரம் மேலே எழும்ப இருக்கிற இடத்தில் ஒரு பங்கை நிக்கும்போதே தின்னாச்சு. அதான் டொம். அந்த எடைக்கான ஸ்பிரிங் போட்டாலே பாதிச் சத்தம் போகும். காயில் ஓவர்ல (ஷாக்கைச் சுத்தி ஸ்பிரிங் இருக்கிற செட்) காலரை ஏத்தி உயரம் பிடிக்கிறதை ஸ்பிரிங் மாத்தினதா நினைக்காதீங்க. அது உயரத்தைத் தரும், ஸ்பிரிங்கோட விறைப்பு அதேதான். உயர்த்துறதை 40-50 மில்லிமீட்டரோட நிறுத்துங்க. அதுக்கு மேல சக்கரத்தைச் சுத்துற ஆக்ஸிலோட சிவி ஜாயின்ட் கோணம் கெட்டு, அதன் ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் துப்பும். விஞ்ச் கம்பியைச் சிந்தெடிக் கயிறா, ரோலரை அலுமினியமா மாத்தினா மூக்கிலேயே சுமார் 10 கிலோ குறையும். மலிவான சஸ்பென்ஷன் வேலை அது.

பின்னாடி 300 கிலோ நிரந்தர பாரத்துக்கான லீஃப் (பட்டை ஸ்பிரிங்) செட்டைத் தலையில் கட்டுவாங்க. டிராயர், ஃப்ரிட்ஜ் வருஷம் முழுக்க வண்டியிலேயே இருந்தா மட்டும் அது சரி. மாசத்தில் பாதி நாள் காலியா ஓடுற வண்டிக்கு வேண்டாம், ஆபீஸ் போற ரோட்டிலேயே முதுகு வலிக்கும்.

அதுக்கு அப்புறம் ஷாக். 2.5 இஞ்ச், ரிசர்வாயர், கம்ப்ரெஷனை (தண்டு உள்ளே போறப்ப வர்ற தடையை) மெது வேகத்துக்கும் அதி வேகத்துக்கும் தனித்தனியா திருகுற வகை. ஃபாக்ஸ் டிஎஸ்சி அப்படி. ஓல்ட் மேன் இமு பிபி-51-ல் கம்ப்ரெஷன், ரீபவுண்ட் (தண்டு வெளியே வர்றப்ப வர்ற தடை) ரெண்டும் திருகலாம், ஆனா அது 51 மில்லிமீட்டர்தான். நீங்க ஏத்துற பாரத்துக்கு 2.5 பக்கம்தான் என் ஓட்டு.

மாட்டும்போது கடையில் பக்கத்திலேயே நில்லுங்க. கன்ட்ரோல் ஆர்ம், லீஃப் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிடுவாங்க. கூடாது. சக்கரம் தரையில், எடை முழுக்க இறங்கின பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லேன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நின்னு சில மாசத்தில் கிழியும். ரிசர்வாயர் ஹோஸை ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சு, சக்கரம் முழுசா தொங்கும் நிலையில் பாருங்க, டயர் படக்கூடாது. 500 கிலோமீட்டர் ஓடினதும் யு-போல்ட்டை மறுபடி முறுக்கணும். அலைன்மென்ட்டை மாட்டின உடனேயே செய்யணும்.

டியூனிங்: எல்லா நாபையும் மென்மையான கடைசிக்குக் கொண்டுபோய், ஒரே துண்டு ரோட்டில் ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு நாபை மட்டும் ரெண்டு ரெண்டு கிளிக்கா ஏத்துங்க. அடியில் டொம்முன்னா அதி வேக கம்ப்ரெஷனைக் கூட்டுங்க. பிரேக்கில் மூக்கு குத்தினா மெது வேகத்தை. ரீபவுண்டை அதிகமா இறுக்கினா அலை ரோட்டில் சக்கரம் அடுத்த அடிக்குள்ள கீழே வந்து சேராது, வண்டி கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிக்கிட்டே போகும். நிறைய பேர் அதை 'ஸ்பிரிங் மெலிசு'ன்னு தப்பா படிக்கிறாங்க.

லிவா_வழி:
ஒரு சேர்க்கை. மணலில் 15 பிஎஸ்ஐ போட்டுட்டு, சல்லி ரோட்டுக்கு வந்ததும் ஹைவே காத்தடிச்சு 35-க்கு ஏத்திடறாங்க. சல்லிக்கு 25 பக்கம் போதும், வேகத்தை மட்டும் அடக்கிக்குங்க. ஷாக்குக்குப் போற அடியில் கணிசமான பங்கை டயரே வாங்கிக்கும்.

நின்னதும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால நாலு ஷாக்கோட சூட்டையும் அளக்கப் பழகிக்குங்க. ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு சூடாவும் மத்தது ஆறியும் இருந்தா, செத்தது ஆறிக் கிடக்கிறதுதான். சூடா இருக்கிறது ரெண்டு பேர் வேலையைச் செஞ்சுக்கிட்டிருக்கு.

கோவை_ராக்ஸ்:
நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். எஸ்டேட் ரோட்டில் ஓடுற என் மஹிந்திரா தார் ராக்ஸில் ஷாக்குக்கு 'எஃப்டிடி'ன்னு போட்டிருக்கே, அதுவும் எலக்ட்ரானிக்கா? வயர் எங்கேயும் காணோம்.

ஷிம்_அடுக்கு:
வயர் இருக்காது. அது ஃபிரீக்வன்சி டிபென்டன்ட் டேம்பிங், முழுக்க மெக்கானிக்கல். பொடிப் பொடி அதிர்வு வேகமா வந்தா உள்ளே ஒரு துணை வழி திறந்து மென்மையாகும், வண்டி உடம்பு மெதுவா ஆடினா மூடிக்கும். கரண்டே இல்லாம அந்த அளவுக்குச் செய்யுது. எஸ்டேட் ரோட்டுக்கு அது தாராளம், கசியாத வரை மாத்தாதீங்க. மாத்துறப்ப அதே எஃப்டிடி ஷாக்கைக் கேட்டு வாங்குங்க. நீளம் ஒத்துப்போற சாதா ஷாக்கை மாட்டினா அந்தக் குணம் போயிடும்.

மணல்மேடு:
எடை மேடைக்கு ஃப்ரிட்ஜ், தண்ணி கேன் எல்லாம் ஏத்திக்கிட்டே போறேன். எண்ணை எல்லாம் இங்கேயே போடறேன், ஸ்பிரிங் எதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

ஷிம்_அடுக்கு:
டேங்க்கையும் நிரப்பிக்குங்க. 80 லிட்டர் பெட்ரோல்னா ஏறக்குறைய 60 கிலோ. அப்புறம், உயர்த்துறதுக்கு முன்னாடி பாஸிங்கில் (வண்டி தகுதிச் சோதனையில்) என்ன அனுமதி வேணும்னு டெஸ்டிங் சென்டர்லயே கேட்டுடுங்க, கடைக்காரர் வாக்கை நம்பாதீங்க.