அப்பாவின் பார்க்கின்சன்: சமநிலைப் பயிற்சி செய்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சன், அதாவது உடல் அசைவைப் பாதிக்கும் நரம்பு நோய். அதற்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நன்றாகவே நடக்கிறார். ஆனால் கதவு நிலை வந்தால் போதும், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது. அவசரப்படுத்தினால் இன்னும் மோசம். தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னால் கால் எழுந்துவிடுகிறது. ஒன்று, இரண்டு என்று தாளமாக எண்ணினாலும் சரி, நடக்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் வாரம் 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறார். நடை, தசைப் பயிற்சியெல்லாம் சமாளித்துவிடலாம். சமநிலைப் பயிற்சிதான் பயமாக இருக்கிறது, திரும்பும்போது தடுமாறுகிறார். துணைக்கு நான் ஒருவன்தான். பிடித்துக்கொள்ள எங்கே நிற்கிறீர்கள், பக்கத்திலா பின்னாலா? உடற்பயிற்சி சைக்கிள் வாங்கியவர்கள் உண்டா? ஏறி இறங்க முடிகிறதா? அப்புறம், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து ஆரம்பிக்கிறீர்கள்?