புதுப்பிப்பு: ‘விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்’ போட்டிக்கு எங்கள் குழுவினரைச் சேர்த்த விதம்

நினைவுச்சின்னங்களுக்கான இந்தப் புகைப்படப் போட்டியில் கலந்துகொள்ள எங்கள் புதுக்கோட்டைப் புகைப்படக் குழுவினர் ஏன் தயங்குகின்றனர் என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பரிசுத்தொகையை முன்னிறுத்தியதும் சுவரொட்டி ஒட்டியதும் சிறிதும் பயன் தரவில்லை. பலன் தந்தது, ‘பழைய படங்களைக் கேளுங்கள்’ என்று ஒருவர் கூறிய யோசனையே. படம் எப்போது எடுக்கப்பட்டிருந்தாலும், செப்டம்பர் மாதத்தில் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் பதிவேற்றினால் போதும் என்ற விதியை விளக்கியதும், புதிதாக எங்கும் போகத் தேவையில்லை என்பதே பலருக்கு நிம்மதியாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரத்தின் மீது மாலை வெயில் விழும் படத்தைப் பழைய மடிக்கணினியிலிருந்து தேடி எடுத்து வந்தார். மேற்கு நோக்கிய கோயில் என்பதால் அந்த வெளிச்சம் முகப்பிலேயே நேராக விழுந்திருந்தது.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியவை சுருங்கி, எடுத்த தேதி முதலிய விவரங்களையும் இழந்திருந்தன. ஆகவே மூலக் கோப்புகளையே பென்டிரைவில் வாங்கி, ஒரு ஞாயிறு மாலை ஒன்றாக உட்கார்ந்து, எடுத்தவர்களே தத்தம் கணக்கில் ஏற்றினோம்.