வேகன்ஆருக்கு கவர்: வேப்பமரத்தடி, கடற்காற்று. எதை வாங்கலாம்?

தெருவோரம்:
இடம் திருவான்மியூர். வண்டி 2019-க்குப் பிந்தைய மாடல் வேகன்ஆர், தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். சனி, ஞாயிறு மட்டும் எடுப்பேன். ‘நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்று சில்வர் கவர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பெயின்ட்பூத்:
வேண்டாம் சார். அந்தப் பூச்சு மழையை உள்ளே விடாது, ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியேயும் விடாது. ராத்திரி கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் பெயின்ட் மேலேயே துளியாக நிற்கும். கடலோரத்தில் அதோடு உப்பும் சேரும். வெயிலில் சில்வர் பூச்சு உதிர்ந்து வண்டியில் ஒட்டுவது தனித் தலைவலி.

யூவி தடுப்பு சேர்த்த, பல அடுக்கு நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி பாருங்கள். உள்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். அடைமழையில் லேசாகக் கசியலாம், பரவாயில்லை, மழை விட்டதும் காய்ந்துவிடும். துணி மூச்சு விடுகிறதா என்று பார்க்க: சூடான தண்ணீர் டம்ளரின் வாயை அந்தத் துணியால் மூடி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிஷத்தில் மேல் டம்ளரில் ஆவி படிந்தால் நல்ல துணி.

அளவுகோல்:
துணியை விட அளவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வேகன்ஆர் நீளம் 3655 மி.மீ., அகலம் 1620, உயரம் 1675. ‘ஹேட்ச்பேக்’ என்று பொதுவாக விற்பதை வாங்கினால் நீளம் மிஞ்சும், உயரம் பத்தாது. மிஞ்சின துணி காற்றில் படபடத்து, அடியில் இருக்கும் தூசியை வைத்தே பெயின்ட்டைத் தேய்க்கும். மாடல் பெயர் போட்டு, பக்கவாட்டுக் கண்ணாடிக்குத் தனிப் பை தைத்ததாக வாங்குங்கள். முன்பின் எலாஸ்டிக் உங்கள் ஊர்க் காற்றுக்குப் போதாது, நடுவில் வண்டிக்கு அடியில் போகும் பக்கிள் பெல்ட் அவசியம். பக்கிளை வீசி எறியாதீர்கள், கதவில் பட்டால் பள்ளம். ஒரு குச்சியில் மாட்டி அடியில் தள்ளுங்கள்.

தெருவோரம்:
சரி. வேப்பம்பூ, காக்கா எச்சம்? கழற்றி மாட்டும்போது கீறல் விழுமே?

பெயின்ட்பூத்:
விழும், தூசியோடு மூடினால். கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். ஓட்டி வந்தால் பானெட்டும் சைலன்சரும் ஆற அரை மணி நேரம். கழற்றும்போது முதலில் மேலே கிடக்கும் பூ, சருகைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கத்தையும் கூரை மேல் மடித்து, பின்னாலிருந்து முன்னால் சுருட்டுங்கள். அப்போது அழுக்கு முகம் அழுக்கு முகத்தோடுதான் சேரும். உள்பக்கம் தரையில் பட்டால் மணல் ஒட்டும், அது உப்புத்தாள்தான். எச்சத்தைத் துணியிலும் ஊறவிடாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கவரை நனைந்தபடி டிக்கியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

புதிதாக பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் ஒரு மாசம் மூடவே கூடாது.

எலிப்பொறி:
ஒரு மாற்றுக் கருத்து. வாராவாரம் கழுவ முடியாதென்றால் கவரே வேண்டாம். மெழுகுப் பூச்சும் முன்கண்ணாடிக்கு வெயில் தடுப்பும் போதும். மூடின வண்டிக்குள் எலிக்கு இருட்டு, கதகதப்பு இரண்டும் கிடைக்கும். கவர் போட்டாலும் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்யும்போது, வெயில் தலைகாட்டும் நேரத்தில் கவரை எடுத்துக் காயவிடுங்கள். அடிப்பக்கத் துருவுக்கு எந்தக் கவரும் உதவாது, அதற்கு அடியில் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவ வேண்டும்.