புதுப்பிப்பு: கன்னியா சரிவுக் காணியில் மண் அரிப்பு நின்றது

மாரி மழையில், திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள எங்கள் சரிவுக் காணியின் மேல்மண் கழுவுண்டு போவதாகச் சென்ற ஆவணியில் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னவற்றில் கல் அணைக்குச் செலவு தாங்காது, விட்டுவிட்டேன். பலித்தது, ‘A’ எழுத்து வடிவச் சட்டத்தால் சமமட்டம் பிடித்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரம்பு போடும் யோசனை. சட்டத்துக்கு வேண்டியது மூன்று தடி, ஒரு நூல், தொங்கவிட ஒரு கல், அவ்வளவுதான். கமநல சேவை நிலைய (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) பயிற்சியிலும் இதையே காட்டினார்கள். மண்ணைப் பிடித்துக்கொள்ள வரம்பில் அரைச் சாண் இடைவெளியில் வெட்டிவேர் நட்டேன்.

எதிர்பாராதது: கார்த்திகையில் ஒரே இரவு மழைக்கு இரண்டாம் வரம்பு உடைந்தது. மேலதிக நீர் வெளியேற வாய் விடாதது என் பிழை. கல் பரப்பி வாய் வைத்தபின் அசையவில்லை. வரம்படியில் இப்போது நான்கு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது. அயல் மாடுகள் மேய்ந்த வெட்டிவேர் மறுபடி துளிர்த்தது, அவை தின்ற பூசணிக் கொடிதான் போய்விட்டது.