ராஜபாளையம் குட்டியை பைக்கோடு ஓட்டலாமா?

வெள்ளைவால்:
ஐந்தாறு மாத ராஜபாளையம் குட்டியைக் கயிற்றில் கட்டி, பைக்குக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். "வேட்டை நாய், இப்பவே பழகணும்" என்கிறார்கள். இது குட்டியின் காலைக் கெடுக்கிற வேலை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

வேட்டைக்காடு:
ஒரே வரியில தப்புன்னு முடிக்க முடியாதுங்க. பன்னி வேட்டைக்குன்னு பாத்துப் பாத்து எடுத்த ஜாதி இது. கடுவன் தோள் வரைக்கும் 65-லருந்து 75 செ.மீ. நிக்கும். இறங்கின மார்பு, ஏறின வயிறு, நீளக் கால், எல்லாமே ஓட்டத்துக்குத்தான். இதை மொட்டை மாடியில சங்கிலி போட்டு வச்சா ஒரே இடத்துல வட்டம் சுத்தும், கதவைப் பிராண்டும், வேத்தாள் வந்தா பாயும். அப்புறம் முரட்டு ஜாதின்னு பேர் வச்சு யாருக்காவது தள்ளிவிட்ருவாங்க. ஊர்ப்பக்கம் குட்டியிலேயே காட்டுல ஓடுது, கால் வளையலையே?

வெள்ளைவால்:
ஓடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டில் ஓடும் குட்டி மண்ணில் ஓடுகிறது, மூச்சு வாங்கினால் படுத்துக்கொள்கிறது. பைக்கில் வேகமும் தூரமும் ஓட்டுகிறவர் கையில். போதாததற்குத் தார் ரோடு.

காலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் சேர்ந்தே நீள வேண்டும். எலும்பு நுனியில் உள்ள குருத்தெலும்புதான் வளர்ச்சியைத் தருகிறது. பெரிய ஜாதிகளில் அது முழுதாக மூட 12 முதல் 18 மாதம் ஆகும். பின்பக்க எலும்பின் கீழ்நுனிக் குருத்து அடிபட்டு முன்னதாகவே மூடிவிட்டால், முன்பக்க எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். வில்லில் நாண் சுருங்கின மாதிரி கால் வளைந்து, பாதம் வெளியே திரும்பும். பிறகு ஆபரேஷன் தவிர வழியில்லை.

வேட்டைக்காடு:
நாங்க பாக்குற வளைஞ்ச காலு பெரும்பாலும் சத்துக்குறைவுங்க. ஆறு மாசம் வரைக்கும் தினம் கால்சியம் டானிக் ஊத்தினா கால் கம்பி மாதிரி நிக்கும்.

மருந்துப்பெட்டி:
இந்த இடத்தில் குறுக்கிடுகிறேன். டானிக் வேண்டுமா என்பது தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான பாக்கெட் தீவனம் கொடுத்தால் கால்சியம் அளவாகவே இருக்கும், அதன்மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலால் மிகுதியான கால்சியத்தைத் தள்ள முடியாது, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எலும்பும் மூட்டும் கோணலாவது அதனாலும்தான்.

ஆனால் சோறும் கறியும் மட்டும் போடும் வீடுகளில் வேட்டைக்காடு சொல்வது சரி. எலும்பில்லாத கறி 100 கிராமில் கால்சியம் 10 மி.கி. பக்கம்தான், பாஸ்பரஸோ 200 மி.கி. அங்கே குறைபாடு நிச்சயம். நைசாகப் பொடித்த முட்டை ஓடு ஒரு டீஸ்பூனில் 1800 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு. குட்டியின் எடையைச் சொல்லி, எவ்வளவு கலக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணளவு வேண்டாம்.

இன்னொன்று. மார்பு ஆழமான நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் கூடாது. ஒரே வேளை முட்ட முட்டப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வேட்டைக்காடு:
பாக்கெட் தீவனத்துக்கு டானிக் வேண்டாம்ங்கிறதை ஏத்துக்குறேன். குட்டிக்கு பைக் வேண்டாம், அதுவும் சரி. ஆனா ஒன்றரை வயசு ஆனதுக்கு?

வெள்ளைவால்:
அப்போதும் வேண்டாம் என்பேன். இது கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். ரோட்டோரம் பூனை அசைந்தால் கயிற்றோடு பாயும், பைக் சாயும், நாய் சக்கரத்துக்குள் போகும். ஆறடி வேலி போட்ட தோட்டத்தில் காலையும் மாலையும் அரைமணி நேரம் அவிழ்த்துவிட்டால், அதுவே பாய்ந்தும் நின்றும் ஓடித் தீர்க்கும். வெயில் ஏறினபின் வேண்டாம். வெள்ளை முடி, ரோஸ் மூக்கு, இரண்டுமே வெயிலில் வெந்துபோகும்.

வேட்டைக்காடு:
எல்லாருக்கும் தோட்டம் இருக்கா? ஊருக்கு வெளிய மண் பாதையில, விடியக்காலையில, மெதுவா சைக்கிளோட ஓட்டுறதுல தப்பில்லைங்கிறதுல நான் மாறல. கயிறை ஹேண்டில்ல மட்டும் கட்டக்கூடாது.

மருந்துப்பெட்டி:
எங்கே அவிழ்த்துவிட்டாலும் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். இந்த ஜாதியில் பிறவிச் செவிடு வருகிறது, நிறமி இல்லாத வெள்ளைத்தோலோடு சேர்ந்தே வரும் குறை அது. குட்டி தூங்கும்போது தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் எழுந்துகொள்ளும். கூட்டாளிக் குட்டிகளைத் தனியாக்கிவிட்டுச் செய்யுங்கள், ஒன்று எழுந்தால் மற்றதும் எழும். ஒரு காது மட்டும் செவிடானால் இதில் தெரியாது, கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். செவிட்டு நாய்க்கு நீளக் கயிறும் கைச்சைகையும் போதும், நன்றாகவே வளரும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடாதீர்கள்.